ஸ்டாண்டில் ஓடிய வண்டி

மரியான்துறையில் ஆண்கள் கப்பலில் இருப்பார்கள், அவர்களுடைய வண்டிகள் வீட்டு வாசலில் நிற்கும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காத ஊர் அது. கதவுக் கொண்டி, சன்னல் கம்பி, கோவில் மணியின் நாக்கு, தொட்டில் கட்டும் கொக்கி என்று இரும்பாய்ப் பிறந்த எல்லாவற்றையும் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் கப்பலுக்குப் புறப்படும் ஒவ்வொருவனும் பெட்டியைத் தூக்குவதற்கு முன் பெண்டாட்டியிடம், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று ஒரு தடவையும், வண்டியைத் தினமும் ஸ்டார்ட் பண்ணிப் போடு என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். அப்படி வந்ததுதான் அந்த வழக்கம். மாதா கோவில் கோபுரத்தின் நிழல் நீண்டு தெருவைத் தொடும் நேரம் பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள், சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை உதைப்பார்கள், சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள், தெரு முழுக்கப் புகை எழும்பும், எதிர்வீட்டோடு பேச வேண்டியதையெல்லாம் அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசுவார்கள், பிறகு ஒவ்வொரு வண்டியாக அணையும், ஒவ்வொருத்தியாக உள்ளே போவாள். ஒரு வண்டியும் ஓர் அடி நகர்ந்திருக்காது.

அந்தத் தெருவிலேயே பழைய வண்டி ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் நின்றது. அவள் புருசன் கிளாட்வினுடைய அப்பா வாங்கியது, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் வண்டி, உதைத்தால் திருப்பி உதைக்கிறது, புகை மற்ற எல்லாருடைய புகையையும்விட நீலம், சத்தம் மற்ற எல்லாருடைய சத்தத்தையும்விடப் பெரிது. கிளாட்வின் பிறந்த செய்தி கேட்டு அவன் அப்பா ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியில்தான் பறந்தாராம். மாமனாரும் மாமியும் இப்போது சுவரில் படமாக இருந்தார்கள், கிளாட்வின் ஏதோ ஒரு கடலில் இருந்தான், வீட்டில் ஜெசிந்தாவும் தவழத் தொடங்கியிருந்த மெரிட்டாவும் மட்டும்தான்.

ஜெசிந்தா கான்வென்டில் படித்தவள். மனையியல் வகுப்பில் சிஸ்டர் ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுத்துக் குளிப்பாட்டச் சொன்னபோது, முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, காதுமடல் பின்னால் மறக்காமல் துடைத்து முதல் பரிசு வாங்கியவள். அந்தப் பொம்மை அழவில்லை. மெரிட்டா அழுதாள். காலையில் அழுதாள், கஞ்சி ஆறும் வரை அழுதாள், மடியில் போட்டாலும் அழுதாள், இறக்கிவிட்டாலும் அழுதாள், வெயில் தாழத் தாழ அந்த அழுகை கூடிக்கொண்டே போகும், ஜெசிந்தாவுக்குப் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கும், தன் கையைப் பார்க்க அதைவிடப் பயமாக இருக்கும். அந்த நேரத்துக்குச் சரியாகக் கோபுர நிழல் தெருவுக்கு வரும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, கதவைச் சாத்தி, வெளியே வந்து வண்டியை உதைப்பாள்.

முதல் நாள் அது தற்செயலாகத்தான் நடந்தது. வண்டி இரைகிறபோது சன்னல் வழியாகப் பார்த்தாள். பிள்ளையின் வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. சத்தமில்லாத பிள்ளை எவ்வளவு அழகாயிருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்தவள் தான்தான் என்பதை அதற்குப் பிறகு அவளால் ஒருநாளும் மறக்க முடியவில்லை. ஆனாலும் மறுநாள் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிட்டாள், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம், பிறகு தெருவில் எல்லா வண்டியும் அணைந்து எல்லாரும் உள்ளே போனபின்னும் அவள் வண்டி மட்டும் இருட்டுகிற வரைக்கும் ஓடியது. புருசன் மேல் எவ்வளவு பிரியம் பாரு, வண்டியை இந்தத் தாங்கு தாங்குதாளே என்று தெருவில் சொன்னார்கள். அதை அவளிடமே சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், இருமலோ செருமலோ இல்லாமல், கயிற்றை அறுத்தது போல வண்டி நின்றது.

திரும்ப உதைத்தாள். நைட்டி ஓரம் கிழிகிற மாதிரி உதைத்தாள். அப்புறம்தான் வீடு அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தொட்டிலில் மெரிட்டா அழுதுகொண்டிருந்தாள்; வாய் திறந்திருந்தது, கண்ணீர் காதுக்குள் வடிந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது, உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, இப்படி அமைதியான பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றார்.

மெயின்ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்த தஸ்நேவிஸ் மறுநாள் காலையில் வந்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதை ஓட்டுகிறவனின் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன், பாதி நாள் தப்பாகச் சொல்கிறவன். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். வண்டி நின்றுபோவதற்கு உலகத்தில் மூன்றே காரணம்தான், பெட்ரோல் வராது, கரண்டு வராது, இல்லையென்றால் காற்று நெருக்காது என்று எல்லாருக்கும் பாடம் சொல்லிக்கொண்டே பெட்ரோல் டியூபைக் கழற்றினான், பெட்ரோல் ஒழுங்காக வடிந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தான், நீலப்பொறி பளிச்சென்று குதித்தது. பிளக்கு இருந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து உதைக்க, காற்று விரலைத் தள்ளியது. மூன்றும் சரி. பிளக்கை மாட்டி, சட்டையை மடித்துவிட்டு, முழுப் பலத்தோடு ஓர் உதை உதைத்தான்.

வண்டி அழுதது. புகைக்குழலின் வாயிலிருந்து, வீர் என்று, மெரிட்டாவின் குரலில் அழுதது.

பக்கத்துவீட்டு ஆக்னஸ் மைனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள். “எம்மா ஜெசிந்தா, பிள்ளைக்குப் பசிக்கி. உள்ள போய்ப் பாலைக் குடு.”

பால் கொடுத்தாள். வாசலில் வண்டி அழுகையை நிறுத்தியது.

தஸ்நேவிஸ் தலையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் நின்றான். இது எதில் சேர்த்தி, பெட்ரோலா கரண்டா என்று அவனுக்குக் குழப்பமாக இருந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. பிறகு ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, எந்த மெக்கானிக்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

“தெனமும் எவ்வளவு நேரம் ஓட விடுவிய?”

“அஞ்சு நிமிசம்.”

“அப்பம் சைலன்சர் சுத்தமாத்தான் கிடக்கும். அதைத் தொடவே வேண்டாம்.”

அஞ்சு நிமிசம் என்று அவள் சொன்னபோது தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். இருட்டுகிற வரை அந்த இரைச்சலைக் கேட்டவர்கள்தான் எல்லாரும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஆக்னஸ் மைனி முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

வண்டியை மறுபடி ஓட வைப்பதற்கு முன்னால், ஓடாத வண்டியோடு வாழ்வதற்கு மரியான்துறை பழகிக்கொண்டது. பிறகு யாரும் உதைக்கவே தேவையிருக்கவில்லை. மெரிட்டாவுக்குப் பசித்தால் வண்டி அழுதது, துணி நனைந்தால் அழுதது, தூக்கம் வந்து தூங்க முடியாவிட்டால் இழுத்து இழுத்து அழுதது. மீன் விற்றுவிட்டு வருகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர் ஓமத்தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டார், அதைப் பிள்ளைக்குக் கொடுப்பதா வண்டிக்கு ஊற்றுவதா என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் யாரோ வசம்பு கோத்துக் கட்டினார்கள். டியூஷன் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் வண்டியைப் பிடித்து மெல்ல ஆட்டிவிட, உள்ளே தொட்டிலில் மெரிட்டா கண்ணயர்ந்தாள். பிரசங்க நேரத்தில் வண்டி அழுதால் பங்குச்சாமி நிறுத்திக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், அதனால் பூசை நீள்கிறது என்று முறையிட்டவர்களிடம் பிள்ளை அழுகிற வீட்டில் கத்திப் பேசலாமா என்று கேட்டார். பஸ் டிரைவர் தெரு முனைத் திருப்பத்தில் ஹாரன் அடிப்பதை விட்டார்.

அவர்கள் அவளைத் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். எல்லாரும் நல்லபடியாகவே பேசினார்கள். எம்மா, பிள்ளைக்கு உளைமாந்தம், வயிறு உப்பியிருக்கும், ஒருக்களிச்சுப் போடு என்று சன்னலில் வந்து சொன்னார்கள். அப்பாவைத் தேடி ஏங்கின பிள்ளையில்லா, அதான் அப்பா வண்டிக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு என்று சொன்னார்கள். ஒவ்வொரு பேச்சும் அவள் மேல் சுடுதண்ணீராக விழுந்தது. கடைக்குப் போவதை நிறுத்தினாள். கோவிலில் பின்வரிசைக்குப் போனாள். சாமியார் நாக்கில் வைக்கும் திவ்விய நன்மையை வாங்க எழுந்திருக்காமல் முட்டிபோட்டே இருந்தாள். கிளாட்வின் செல்போனில் வந்து வண்டி எப்படி இருக்கு என்று கேட்டபோது நல்லாயிருக்கு என்றாள். பிள்ளை அழுகாளா என்று கேட்டான், இப்ப அழுறதே இல்ல என்றாள், இரண்டாவது சொன்னது பொய் இல்லை என்பதுதான் அவளை ரொம்ப அரித்தது.

தஸ்நேவிஸ் விடவில்லை. அவனுக்கும் மானப்பிரச்சினை. பாயின்டைத் தேய்த்தான், கண்டென்சரை மாற்றினான், கார்புரேட்டரை ஊதினான், கடைசியில் மேக்னெட்டைக் கழற்ற வேண்டும் என்று வண்டியை மெயின்ரோட்டு ஒர்க்ஷாப்புக்கே உருட்டிக்கொண்டு போனான். தெரு முனையைத் தாண்டி வண்டி போனதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஜெசிந்தா பின்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தவழ்ந்து இரும்புக் கட்டிலுக்கு அடியில் போய், தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவில் தலையைக் கொடுத்துவிட்டாள், அவள் அழுத அழுகை நான்கு எட்டுத் தூரத்தில் நின்ற தாய்க்குக் கேட்கவில்லை. ஒர்க்ஷாப்பில் தஸ்நேவிசுக்குக் கேட்டது. அதுவரை கேட்டிராத மாதிரி வண்டி வீறிட்டதும், கையில் இருந்த ஸ்பேனரைக்கூடப் போடாமல் தெரு நீளத்துக்கும் ஓடிவந்து, கட்டிலைத் தூக்கிக் கம்பியை வளைத்துப் பிள்ளையை எடுத்தான். ஜெசிந்தா சோப்புக் கையோடு உள்ளே வந்தபோது, ஊரான் ஒருத்தன் தன் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான்.

அவன் பிள்ளையை நீட்டினான். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் அவனுடைய கிரீஸ் கை இரண்டும் பதிந்திருந்தன. அவள் எத்தனை துவைத்தும் அது போகவில்லை.

அன்று சாயங்காலமே தஸ்நேவிஸ் வண்டியைத் திரும்ப வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான், மறுநாள் லோடு ஆட்டோ வந்தது. தஸ்நேவிஸ் தோற்றுப்போனதை ஊர் கேட்கும்படி ஒத்துக்கொண்டான், தூத்துக்குடியில் ஒரு பெரிய மேஸ்திரி இருக்கிறார், எஞ்சினை முழுசாகப் பிரித்துப் பார்ப்பார், ஒரு மாசம் ஆகலாம் என்றான். அந்த ஒரு மாசமும் பிள்ளையின் குரல் அங்கே கிடக்குமே, இங்கே பிள்ளைக்கு என்ன ஆனாலும் யாருக்குத் தெரியும் என்று ஆக்னஸ் மைனி கேட்டாள். ஜெசிந்தாவிடம் கேட்டார்கள். கொண்டு போங்க என்றாள்.

கொண்டு போங்க என்று சொன்ன வாய் மூடுவதற்குள், நெஞ்சின் ஒரு மூலையில் என்னவோ லேசாவதை அவள் உணர்ந்தாள். வாசலில் வண்டி இருக்காது. சன்னலில் யாரும் வரமாட்டார்கள். யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சாயங்காலம் அமைதியாக இருக்கும். அந்த லேசை உணர்ந்த மாத்திரத்தில், அது முதல் நாள் சன்னல் வழியாகப் பார்த்தபோது வந்த அதே லேசு என்று அவளுக்குத் தெரிந்தது.

வண்டியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். தஸ்நேவிசும் ஏறிக்கொள்ள லோடு ஆட்டோ கிளம்பியது. பின்னால் வண்டி அழ ஆரம்பித்தது, தூரம் போகப்போக அழுகை தேய்ந்தது, இடுப்பில் இருந்த மெரிட்டா அது போகிற திசையில் இரண்டு கையையும் நீட்டி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் நெளிந்தாள். பிள்ளை தன் குரலை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது என்று அவளுக்குப் பட்டது. ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, ஊரே பார்க்க ஒற்றைச் செருப்போடு ஓடி, திருப்பத்தில் ஆட்டோவின் பின்கதவைப் பிடித்தாள்.

“அண்ணே, அஞ்சு நிமிசம் இல்ல.”

தஸ்நேவிஸ் கீழே இறங்கினான். பின்னாலேயே தெருப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

“பெறவு?”

“ஒரு மணி நேரம். சில நாள் இருட்டுற வரைக்கும்.”

“ஸ்டாண்டுலயா?”

“ஸ்டாண்டுலதான். பிள்ளை உள்ள அழும். நான் முறுக்கிக்கிட்டே இருப்பேன்.”

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். யாருடைய காலும் நகரவில்லை. என்னத்துக்கும்மா அப்படி என்று தஸ்நேவிஸ் ஆரம்பித்தான், ஆக்னஸ் மைனி அவனை முடிக்க விடவில்லை.

“கேள்வி கேக்காதல. சைலன்சரைக் கழத்து.”

அங்கேயே, திருப்பத்திலேயே, வண்டியை இறக்கிச் சாய்த்துப் போட்டு அவன் புகைக்குழலைக் கழற்றினான். ஓடாமல் நின்ற இடத்திலேயே இரைகிற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு எரியாத ஆயிலெல்லாம் புகைக்குழலில் போய்க் கரியாகப் படியும், படிந்து படிந்து குழல் அடைத்துவிடும், பழைய மூச்சு வெளியே போகாமல் புது மூச்சு உள்ளே வராது, இது தனக்குத் தெரியாததா, அஞ்சு நிமிசம் என்று கேட்டதால் விட்டுவிட்டேன் என்று அவன் யாருக்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டான். குழலின் வாயில் கரி கல்லு மாதிரி இறுகியிருந்தது. நீளமான கம்பியை உள்ளே விட்டுக் குத்தினான். முதல் கரிக்கட்டி கீழே விழுந்து உடைந்தது, அதிலிருந்து ஓர் அழுகை வெளியே வந்தது.

அது பசி அழுகை. ஜெசிந்தாவுக்கு உடனே தெரிந்தது. பிள்ளை அன்றைக்குச் சரியாகக் குடிக்கவில்லை, தெரிந்தே கதவைச் சாத்தினாள். அடுத்த கட்டியில் எறும்பு கடித்த அழுகை. இரவு விளக்கில்தான் தொடையில் சிவந்த தடிப்பைப் பார்த்தாள், கொசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஊசி போட்ட நாளின் காய்ச்சல் அழுகை. பிறகு ஒன்றுமே இல்லாத, அம்மா மட்டும் வேண்டியிருந்த அழுகை, அதுதான் நிறைய இருந்தது. ஒவ்வொன்றும் அழ வேண்டிய நேரம் முழுக்க அழுது தீர்ந்த பிறகே அடுத்தது வந்தது. அவள் ரோட்டுப் புழுதியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காதைப் பொத்தாமல், மெரிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும், வந்துட்டேம்மா, வந்துட்டேன் என்று முணுமுணுத்தாள். மெரிட்டா தன் அழுகையைத் தானே முதல்முதலாகக் கேட்கிறவளாகக் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கீழே உட்கார்ந்தார்கள். பஸ் வந்தது, எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டி விழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தஸ்நேவிஸ் குழலைத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தான், மறுபக்கம் கடல் தெரிந்தது. மாட்டி முடித்து, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துவிட்டு, உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி பிடித்தது. தெரு அதிர, நீலப்புகை எழும்ப, கிளாட்வினுடைய அப்பா ஆஸ்பத்திரிக்குப் பறந்த நாளில் இரைந்த மாதிரி இரைந்தது. அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு உடம்பு விறைத்தாள். வாய் திறந்தது. அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான், பஸ்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளை அழுவது யாருக்கும் கேட்கவில்லை.

ஜெசிந்தாவுக்குக் கேட்டது. அவ்வளவு இரைச்சலுக்கும் நடுவில், அடுத்த அறையில் ஊசி விழுந்தது போலத் தெளிவாகக் கேட்டது. “அணைங்கண்ணே,” என்றாள். அவன் அணைத்தான். அப்போது எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு மரியான்துறையில் கோபுர நிழல் தெருவுக்கு வருகிற நேரத்தில் வண்டிகளை ஸ்டார்ட் பண்ணுவதில்லை. துருப்பிடிக்கட்டும் என்று ஜெசிந்தா கிளாட்வினிடம் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு அவள் சொன்ன முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கப்பலில் எஞ்சின் ரூமில் வேறு எதுவும் காதில் விழாது, அங்கேதான் தனக்கு நல்லாத் தூக்கம் வரும் என்று மட்டும் சொன்னான். அவள் வெட்கம் போய்விடவில்லை. கிரீஸ் கை பதிந்த அந்தச் சட்டையை அவள் தூரப் போடவில்லை, பிள்ளைக்கு அதையே போட்டுவிட்டாள், கேட்டவர்களிடம் கறை போகாது என்றாள்.

அந்த வாரமே ஒருநாள், விடிந்து பால்காரன் போன பிறகு, ஆக்னஸ் மைனியின் வீட்டில் இரைந்துகொண்டிருந்த கிரைண்டர் நின்றது. கரண்டு இருந்தது, விசிறி சுற்றியது, மாவு பாதி அரைபட்டுக் கிடந்தது. மைனி கல்லைத் தூக்கி வைத்துவிட்டுச் சுவிட்சைத் திரும்பப் போட்டாள். உள்ளிருந்து ஒரு பிள்ளை அழுதது. அது அவள் மகன் ரோமால்டின் குரல், அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே ஓடுகிற கிரைண்டர் அது. ரோமால்டுக்கு இப்போது மீசை நரைக்கத் தொடங்கியிருக்கிறது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மைனி மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகில் வந்து நிற்பதைப் பார்த்ததும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“தஸ்நேவிசைக் கூப்பிடட்டுமா மைனி?”

“வேண்டாம்,” என்றாள் மைனி முந்தானைக்கு உள்ளேயிருந்து. “முழுக்க அழட்டும்.”

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.